பசிபிக் கரைக் கல்லூரிக்கு அட்லாண்டிக் கான்ஃபரன்ஸ் எதற்கு?

நீளமான பதிவு. காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

நம் பழைய மாணவர் குழுவில், அமெரிக்காவில் இருக்கும் தம்பி ஒருவன் போன வாரம் ஒரு வரைபடம் போட்டிருந்தான். அங்குள்ள பெரிய கல்லூரி ஃபுட்பால் அணிகளை 24, 24 ஆகப் பிரித்து இரண்டே கான்ஃபரன்ஸ், மீதி எல்லாம் வெளியே என்று ஒரு கற்பனைத் திட்டம். கீழே "எப்படி டீச்சர்?" என்று கேள்வி வேறு. முப்பத்திரண்டு வருஷம் புவியியல் நடத்தியவளிடம் வரைபடத்தை நீட்டினால் மார்க் போடாமல் விடுவேனா? தம்பி, உனக்கு சைபர். ஏன் என்று சொல்கிறேன்.

ஊரில் இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. இது நாம் காலால் உதைக்கும் கால்பந்து இல்லை. தலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, நீள்வட்டப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது. கான்ஃபரன்ஸ் என்பது பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகள் தங்களுக்குள் போட்டி நடத்தச் சேர்ந்த கூட்டு. நம் பள்ளிகளில் குறுவட்டப் போட்டி நடத்துகிறோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஃபுட்பாலுக்கு மட்டுமில்லை, வாலிபால், டென்னிஸ், நீச்சல், பேஸ்பால் என்று பெரும்பாலான விளையாட்டுக்கும் அதே கூட்டுதான்.

இப்போது நடந்திருப்பதைப் பாருங்கள். பசிபிக் கடற்கரையில் 1915இல் தொடங்கிய பழைய கூட்டு ஒன்று, கடைசியில் பாக்-12 என்ற பெயரில் இருந்தது. 2024இல் அதிலிருந்து பத்துக் கல்லூரிகள் ஒரே நேரத்தில் வெளியேறின. யுசிஎல்ஏ, யுஎஸ்சி, ஓரிகன், வாஷிங்டன் நான்கும் பிக் டென்னுக்கு. அரிசோனா, அரிசோனா ஸ்டேட், கொலராடோ, யூட்டா நான்கும் பிக் 12க்கு. ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸுக்கு. சான்பிரான்சிஸ்கோ பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அட்லாண்டிக் கரை! ஆறாம் வகுப்புப் பிள்ளை இப்படி எழுதியிருந்தால் பெஞ்ச் மேல் ஏற்றியிருப்பேன். பிக் டென்னில் இன்று 18 அணி, பிக் 12இல் 16 அணி. கணக்கு வாத்தியார்களும் என்னோடு சேர்ந்து அழலாம்.

ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டும் மட்டும் பழைய வீட்டில் தனியாக நின்றன. 2024, 2025 இரண்டு ஃபுட்பால் சீசனையும் இரண்டே அணி உள்ள கான்ஃபரன்ஸாக ஓட்டின. ஓரிகனும் ஓரிகன் ஸ்டேட்டும் 1894இலிருந்து மோதுகிறார்கள்; இரண்டு ஊருக்கும் நடுவே 65 கிலோமீட்டர்தான். அவர்களைப் பிரித்துவிட்டு, ஓரிகனை நியூ ஜெர்சியில் இருக்கும் ரட்கர்ஸோடு ஒரே கூட்டில் போட்டார்கள். தம்பியின் வரைபடம் இந்தக் கொடுமையைச் சரிசெய்யவில்லை. இதையே நாடு முழுக்கப் பரப்புகிறது.

இது எப்படி வந்தது? 1984 வரை எந்த ஆட்டம் டிவியில் வரலாம் என்பதை என்சிஏஏ என்ற தேசிய அமைப்புதான் தீர்மானித்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றத்தில் 7க்கு 2 என்று ஜெயித்தன. எதிர்த்து எழுதிய நீதிபதி பைரன் வைட், கொலராடோவுக்கு ஃபுட்பால் ஆடிப் பேர் வாங்கியவர். வெறும் வியாபாரக் கண்ணால் மட்டும் இதைப் பார்க்கக் கூடாது என்பது அவர் கட்சி. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு கான்ஃபரன்ஸ் என்பது கொஞ்சம் கொஞ்சமாக டிவிக்குச் சரக்கு விற்கும் கடையாகிவிட்டது. 2022இல் பிக் டென் ஏழு வருஷத்துக்குப் போட்ட ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கு மேல். அந்தப் பந்தியில் இடம் பிடிக்கத்தான் இவ்வளவு ஓட்டமும். எஸ்எம்யு என்ற டல்லஸ் பல்கலைக்கழகம், அட்லாண்டிக் கூட்டில் சேர்த்துக்கொண்டால் போதும், ஒன்பது வருஷம் டிவி பணத்தில் பங்கே வேண்டாம் என்று சம்மதித்துப் போயிருக்கிறது.

"பணம் வருவது நல்லதுதானே டீச்சர்?" என்பீர்கள். யார் முதுகில் ஏறி வருகிறது என்று பாருங்கள். ஃபுட்பால் அணிக்கு சீசனில் 12 ஆட்டம், பெரும்பாலும் சனிக்கிழமை. வெளியூர்ப் பயணம் ஐந்தோ ஆறோ. அதுவும் தனி விமானம். ஆனால் வாலிபால் பிள்ளைகளுக்கு சீசனில் 30 ஆட்டம் வரை, வாரத்துக்கு இரண்டு. பேஸ்பாலுக்கு 56 வரை. சியாட்டிலிலிருந்து நியூ ஜெர்சி 3,800 கிலோமீட்டருக்கு மேல், மூன்று மணி நேரம் கடிகார வித்தியாசம். ஸ்டான்ஃபோர்டிலிருந்து பாஸ்டன் 4,300 கிலோமீட்டர்.

என் அண்ணன் பேத்தி ஒருத்தி அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் வாலிபால் ஆடுகிறாள். பெயரும் இடமும் வேண்டாம். படிப்பது எஞ்சினியரிங். புதன் சாயங்காலம் ஏர்போர்ட், ஞாயிறு நள்ளிரவுக்கு மேல் ஹாஸ்டல், திங்கள் காலை எட்டு மணிக்கு லேப். விமானத்தில் மடியில் கணினியை வைத்துக்கொண்டு பரீட்சை எழுதியிருக்கிறாள். "பழகிடுச்சு பாட்டி" என்றாள். பழகக் கூடாதம்மா என்றுதான் சொன்னேன். வருகைப் பதிவேட்டோடு வாழ்க்கையைக் கழித்தவள் நான். பிள்ளை வகுப்பில் இல்லாத ஒவ்வொரு நாளுக்கும் யாராவது பதில் சொல்ல வேண்டும். இங்கே பதில் சொல்ல ஆளில்லை.

"ஃபுட்பால் காசில்தானே மற்ற விளையாட்டெல்லாம் நடக்கிறது?" என்று அடுத்த கேள்வி வரும். பெரிய கல்லூரிகளில் பெரும்பாலும் உண்மைதான். அதனால்தான் ஃபுட்பாலை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. ஃபுட்பாலுக்குத் தனிக் கூட்டு வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, உன் 24, 24 திட்டத்தைக் கூட ஃபுட்பாலுக்கு மட்டும் என்றால் உட்கார்ந்து பேசலாம். டிவி பணம் கல்லூரிக்கு வரட்டும். மற்ற பிள்ளைகளை அந்த வண்டியில் கட்டி இழுக்காதீர்கள். அவர்களைப் பக்கத்து ஊர்க் கல்லூரிகளோடு ஆடவிடுங்கள்.

இது நடக்காத காரியமும் இல்லை. நோட்டர் டேம் ஃபுட்பாலில் எந்தக் கான்ஃபரன்ஸிலும் இல்லை. அதன் மற்ற விளையாட்டுகளில் பெரும்பாலானவை அட்லாண்டிக் கூட்டில் இருக்கின்றன. கனெக்டிகட் பல்கலைக்கழகமும் ஃபுட்பாலில் தனி ஆள். கூடைப்பந்துக்கு பிக் ஈஸ்ட். இரண்டும் மூழ்கிப் போய்விடவில்லை.

என் வரைபடம் இதோ. வாஷிங்டன், வாஷிங்டன் ஸ்டேட், ஓரிகன், ஓரிகன் ஸ்டேட், ஸ்டான்ஃபோர்ட், பெர்க்லி, யுசிஎல்ஏ, யுஎஸ்சி. 1978இல் அரிசோனாக்காரர்கள் வந்து சேரும் வரை ஒன்றாக இருந்த அதே எட்டு. டெக்சஸ் பக்கம் 1996இல் கலைந்த பழைய சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ்: டெக்சஸ், ஏ அண்ட் எம், டெக்சஸ் டெக், பேலர், டிசியு, எஸ்எம்யு, ரைஸ், ஹூஸ்டன். ஃபுட்பால் எங்கே ஆடினாலும் ஆடட்டும். மற்ற விளையாட்டெல்லாம் இந்த வட்டத்துக்குள். தூரத்து ஊர்க்காரர்களை ஆண்டு இறுதியில் தேசியப் போட்டியில் சந்தித்தால் போதும்.

கடைசியாக, அமெரிக்காவில் இருக்கும் என் மாணவர்களுக்கு. உங்களில் பலர் இந்தக் கல்லூரிகளில் எம்எஸ் படித்தவர்கள். சீசன் டிக்கெட் வாங்குகிறீர்கள், நன்கொடை கொடுக்கிறீர்கள், சிலருடைய பிள்ளைகளும் அங்கேயே படிக்கிறார்கள். "நாம் சொல்லி என்ன ஆகும்?" என்று ஒதுங்காதீர்கள். 2020இல் ஸ்டான்ஃபோர்ட் 11 விளையாட்டுகளை மூடப்போவதாக அறிவித்தது. பழைய மாணவர்கள் திரண்டார்கள், விளையாட்டு மாணவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2021 மே மாதம் அந்த முடிவு ரத்தானது. காசு கொடுப்பவன் கேட்டால் காது கேட்கிறது.

ஆகவே அடுத்த நன்கொடைக் கடிதம் வரும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதுங்கள்: போன சீசனில் உங்கள் வாலிபால் பிள்ளைகள் எத்தனை வகுப்பு நாட்களை விட்டார்கள்? எண் வரும் வரை செக் எழுதாதீர்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே போடுங்கள், சண்டை போடலாம். ஆனால் தூரத்தைக் கிலோமீட்டரில் எழுதிவிட்டுப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஜாக்ரஃபி டீச்சர்