எம்.எஸ். என்றால் யார்?

கைப்பேசியில் பாட்டுக் கேட்கும் செயலிகளில் கோடிக்கணக்கில் பாட்டு இருக்கிறதாம். இருக்கட்டும். ஆயுசு முழுக்கக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்ற எனக்கு இந்த எண்ணிக்கையில் பெரிய மலைப்பு இல்லை. வந்து கேட்டவருக்கு, அவர் கேட்டது எத்தனை நிமிஷத்தில் கைக்குப் போய்ச் சேர்ந்தது? எங்கள் தொழிலில் அதுதான் கணக்கு. அந்தக் கணக்கில் இந்தச் செயலிகள் தேறாது என்பது என் அபிப்பிராயம்.

கச்சேரி கேட்டுப் பழகியவரிடம் "எம்.எஸ்." என்று சொன்னால் போதும், சுப்புலட்சுமி அம்மாதான். என் கைப்பேசியில் அதையே தட்டினால் அந்த அம்மாவோடு எம்.எஸ்.வி.யும் வருகிறார், வயலின் எம்.எஸ். கோபாலகிருஷ்ணனும் வருகிறார், கிரிக்கெட் தோனியைப் பற்றிய இந்திப் படத்துப் பாட்டுகளும் வரிசையில் வந்து நிற்கின்றன. "தோடி" என்று கேட்டால் நம்முடைய தோடியும் வடநாட்டுத் தோடியும் கலந்து வருகின்றன. பெயர் ஒன்றே தவிர இரண்டும் வேறு வேறு ராகம். அவர்களுடைய தோடி நம் சுபபந்துவராளிக்குத்தான் நெருக்கம். கல்லூரியில் தாவரவியல் அலமாரியில் சமையல் புத்தகத்தைச் செருகி வைத்தால் என்னை விட்டிருப்பார்களா?

கோளாறு அடித்தளத்தில் இருக்கிறது. 1996 வாக்கில் எம்பி3 கோப்பின் வாலில் 128 பைட் அளவுக்கு ஒரு சீட்டு ஒட்டினார்கள். பாட்டின் பெயர், ஆர்ட்டிஸ்ட், ஆல்பம், ஒவ்வொன்றுக்கும் 30 எழுத்து இடம். மேல்நாட்டுப் பாப் பாட்டுக்கு அது சரியாகப் பொருந்தியது. பின்னால் சீட்டு நீண்டது, புதுக் கட்டங்கள் சேர்ந்தன. ஆனால் திரையில் நமக்குக் காட்டுவது இன்னும் பெரும்பாலும் அந்த மூன்றைத்தான்.

நம் சினிமாப் பாட்டுக்கு ஆர்ட்டிஸ்ட் யார், சொல்லுங்கள். பாடியவரா, இசையமைத்தவரா? டி.எம்.எஸ். பாடியதை "எம்.ஜி.ஆர். பாட்டு" என்றுதானே இன்றைக்கும் சொல்கிறோம்? அந்த வழியாகவும் தேட முடிய வேண்டும், அது அறியாமை இல்லை. வானொலியில் பாட்டுக்கு முன்னால் படம், பாடியவர்கள், இசை, இயற்றியவர் என்று வரிசையாகச் சொல்வார்கள். பாட்டுக்குள் நுழைய நாலு வாசல் அது. இப்போது பல செயலிகளில் இயற்றியவர் வாசலையே அடைத்துவிட்டார்கள். பட்டுக்கோட்டையார் 1959-இல் 29 வயதில் போனவர். அவர் எழுதியவற்றை மட்டும் வரிசையாகக் கேட்க வேண்டும் என்றால், யாராவது ரசிகர் தொகுத்து வைத்திருந்தால்தான் உண்டு. என் பேத்திக்கு நூறு பாட்டு மனப்பாடம், ஒரு கவிஞர் பெயர் தெரியாது. அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் பார்க்கும் திரையில் அந்தப் பெயர் வருவதில்லை.

பக்கவாத்தியக்காரர் பாடு இன்னும் மோசம். பட்டம்மாள் பாட்டுக்குப் பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம் வாசித்ததைக் கேட்க வேண்டும் என்றால், மணி ஐயர் பெயரில் தேடினால் அகப்பட வேண்டாமா?

இதற்கு வழி சொன்னவர் நம் ஊர்க்காரர். சீர்காழி என்றதும் நமக்குக் கோவிந்தராஜன் குரல் நினைவுக்கு வரும். எங்கள் தொழிலில் எஸ்.ஆர். ரங்கநாதன். சென்னைப் பல்கலைக்கழக நூலகர். லண்டனில் படிக்கப் போனபோது ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். அதே துண்டுகளை வேறு வேறு விதமாகப் பூட்டினால் வேறு வேறு பொம்மை. ஒரு புத்தகத்தை ஒரே பெட்டிக்குள் அடைக்காமல், அதன் பல முகங்களைத் தனித்தனியே குறித்துச் சேர்க்கலாம் என்று 1933-இல் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டார். இன்று இணையக் கடையில் சட்டை வாங்கும்போது அளவு, நிறம், விலை என்று தனித்தனியாக டிக் போட்டுச் சலிக்கிறோமே, அந்த ஏற்பாட்டுக்கு அவரைத்தான் முன்னோடியாகச் சொல்கிறார்கள். சட்டைக்குக் கிடைத்த மரியாதை சாவேரிக்குக் கிடைக்கக் கூடாதா? ராகம், தாளம், இயற்றியவர், பாடியவர், வயலின், மிருதங்கம் என்று முகம் முகமாகச் சலிக்க விட்டால் முடிந்தது.

செய்ய முடியாத காரியமும் அல்ல. ஸ்பெயினில் பார்சிலோனாப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேவியர் செர்ரா என்பவரின் குழு 2011 முதல் சில வருஷம் இதற்காகவே உழைத்து, 'துனியா' என்று ஒரு தளம் உருவாக்கியது. கர்நாடக இசை, இந்துஸ்தானி, துருக்கி இசை என்று ஐந்து மரபுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் அதனதன் சொற்களாலேயே தேட வைத்தார்கள். ராகத்தைத் தொட்டுப் போகலாம், தாளத்தைத் தொட்டுப் போகலாம். ஆராய்ச்சிக்காகச் செய்தது என்பதால் நம் கைக்கு அவ்வளவாக வரவில்லை.

நம்மிடமே தயாராக ஒரு வரைபடம் இருக்கிறது. மேளகர்த்தா 72. சக்கரம் 12, சக்கரத்துக்கு 6. மேசகல்யாணி என்ற பெயரின் முதல் இரண்டு எழுத்தே 65 என்று எண்ணைச் சொல்லிவிடும். இத்தனை ஒழுங்கான அட்டவணையைத் திரையில் விரித்து, விரலால் தொட்டால் பாடும்படி செய்ய நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

வயதானவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். க்ளாக்கோமாவில் பார்வை மங்கிப்போன நண்பர் ஒருவர் செயலிப் பக்கமே போவதில்லை. 2017-இல் வந்த கார்வான் பெட்டிதான் அவருக்கு. உள்ளே 5000 பாட்டு, அவ்வளவுதான். ஆனால் திருகி எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். நேற்று இருந்த இடத்தில் இன்றும் இருக்கும். செயலியோ மாதத்துக்கு ஒரு முறை முகத்தை மாற்றிக்கொள்கிறது.

என் அத்தான் சபாக்களுக்குப் போய்ப் பதிவு செய்த கேசட்டுகள் முன்னூற்றுக்கு மேல் இருந்தன. அவர் காலமான பிறகு பிள்ளைகள் ஆசையோடு அத்தனையையும் கணினியில் ஏற்றினார்கள். கோப்புகளுக்குப் பெயர் 'டிராக் 1', 'டிராக் 2'. யார், எங்கே, எந்த வருஷம், பக்கவாத்தியம் யார் என்று அத்தான் பென்சிலால் எழுதி வைத்த உறைகளில் பாதி பழைய பேப்பர்காரனோடு போய்விட்டது. மீதி ஒரு செருப்பு டப்பாவில் என்னிடம் வந்து சேர்ந்தது. கேட்டுக் கேட்டு, உறையோடு ஒப்பிட்டு, இதுவரை 94 பதிவுகளுக்குப் பெயர் கண்டுபிடித்திருக்கிறேன். உறை இல்லாத ஒன்றில் ஒரு காம்போஜி, கூடவே அபாரமான கஞ்சிரா. வாசித்தது யார் என்று சொல்லக்கூடியவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவருக்கு வயது 88, இன்னொருவருக்கு 91. ஞாயிற்றுக்கிழமை மூத்தவர் வீட்டுக்குப் போகிறேன்.