சம்பளத்துக்கு வெளியே நாலு லட்சம்

பகலில் கம்பெனி வேலை, ராத்திரியில் கட்டுமான நிறுவனங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது என்று ஓடும் என்ஜினீயர்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். 'அதான் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துவிட்டார்களே' என்று சம்பளத்துக்கு மட்டும் ஐடிஆர்-1 போட்டுவிடுகிறவர்களும் உண்டு. அந்தப் படிவத்தில் தொழில் வருமானத்துக்கு இடமே கிடையாது. பான் எண்ணில் ஏறிய தொகையோ துறையின் கணினியில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது!

உண்மையில் சட்டம் இங்கே தாராளம்தான். என்ஜினீயர், டாக்டர், வக்கீல் போன்றோர் ஐடிஆர்-4இல் வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும். கணக்குப் புத்தகம் வேண்டாம். வெளிவேலையில் 4 லட்சம் வந்தால் லாபம் 2 லட்சம். 30 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு செஸ்ஸோடு 62,400 ரூபாய் வரி. பிடித்தது 40,000. மீதி 22,400 ரூபாயை மார்ச் 15க்குள் முன்வரியாகக் கட்டாவிட்டால் வட்டி.

எனக்கு உறுத்துவது வேறு. சம்பளக்காரர் பழைய வரிமுறை, புதிய வரிமுறை என்று ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் காட்டுபவர் பழையதற்குப் போனால், புதியதற்கு ஒரே ஒருமுறைதான் திரும்பலாம்; பிறகு, அந்த வருமானம் இருக்கும்வரை, கதவு மூடிவிடும். ஒளிக்காமல் கணக்குக் காட்டுகிறவருக்கு எதற்கு இந்தக் கெடுபிடி?