அழைப்பிதழில் முடியும் நேரத்தையும் போடுங்கள்

ஆடி அமாவாசை நெருங்க நெருங்க யாழ்ப்பாண மாவட்டத்தில் நிகழ்வுகள் நிரம்பத் தொடங்கிவிடும். கீரிமலைத் தீர்த்தம் முடிய, அமாவாசையில் இருந்து ஆறாம் நாள் நல்லூரில் கொடியேறும். பிறகு 25 நாள் திருவிழா. நல்லூர் முடியச் சந்நிதி. இடையில் ஓகஸ்ட் மாதம் வெளிநாட்டில இருந்து சனம் வரும். அவை நிற்கிற நாளுக்குள் முடித்துவிட வேணும் எண்டு புத்தக வெளியீடுகள், அரங்கேற்றங்கள், பழைய மாணவர் ஒன்றுகூடல்கள், விளையாட்டுக் கழகங்களின் மின்னொளிச் சுற்றுப்போட்டிகள், சனசமூக நிலையங்களின் ஆண்டு விழாக்கள் எல்லாம் வரிசை கட்டி நிற்கும். வாட்ஸ்அப்பைத் திறந்தால் ஒரு நாளைக்கு நாலைந்து அழைப்பிதழ் வந்து கிடக்கும். பத்திரிகையைப் பிரித்தால் அங்கேயும் அதுதான்.

அந்த அழைப்பிதழ்களை ஒருக்கா வரிசையாகத் தட்டிப் பாருங்கள். இடம் இருக்கும். திகதி இருக்கும். தலைமை தாங்குபவர், பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் எல்லாருடைய பெயரும் பட்டம் பதவியோடு இருக்கும். "பி.ப 3.30 மணிக்கு" எண்டு தொடங்கும் நேரமும் இருக்கும். எத்தனை மணிக்கு முடியும் எண்டு மட்டும் எங்கேயும் இருக்காது. "அனைவரும் வருக" எண்டு கடைசியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த "அனைவரும்" யார் எண்டு கேட்கத்தான் இதை எழுதுகிறோம்.

இது சின்ன விசயம்தானே எண்டு நினைக்கிறவர்கள், அநேகமாக மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போகிறவர்களாக இருப்பார்கள். பஸ்ஸில் போகிற ஆளுக்கு இது சின்ன விசயம் இல்லை. யாழ்ப்பாண நகரத்தில் இருந்து பருத்தித்துறை முப்பது கிலோமீற்றருக்கு மேலே. ஆறரை ஏழு மணிக்குப் பிறகு பல உள்ளூர்ப் பாதைகளில் பஸ் குறைந்துவிடும். பிரதான வீதியில் இறங்கினால் போதும் எண்டும் இல்லை. அங்கே இருந்து குச்சொழுங்கைக்குள்ள நடக்க வேணும். தெருவிளக்கு எரியாத இடங்கள், நாய்கள், மதவடியில் கூடி நிற்கிற ஆட்கள் எல்லாம் உண்டு. ஓட்டோ பிடித்தால் ஒரு நிகழ்வுக்குப் போன காசில் ஒரு கிழமைச் சாப்பாட்டை முடித்திருக்கலாம். விடுதியில் இருக்கிறவைக்கு வாசல் மூடுகிற நேரம் வேற. நெடுந்தீவில் இருந்து வருகிற ஆளுக்கோ கதையே இல்லை. குறிகட்டுவானில் கடைசிப் படகு போன பிறகு, நிகழ்வு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அன்றைக்கு வீடு இல்லை.

வீட்டில் கேட்கிற முதல் கேள்வியும் இதுதான். "எங்க போறாய்" எண்டது இரண்டாவது. "எத்தின மணிக்கு வருவாய்" எண்டதுதான் முதலாவது. அதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை எண்டால் "அப்ப போக வேண்டாம்" எண்டு கதை முடிந்துவிடும். அம்மாமாரைக் குறை சொல்லி வேலை இல்லை. நிகழ்வை நடத்துகிறவர்களுக்கே தெரியாத நேரத்தை நாங்கள் எப்படி வீட்டில் சொல்லுவது?

நாங்கள் போன ஒரு புத்தக வெளியீட்டைச் சொல்கிறோம். ஊரும் பெயரும் வேண்டாம், ஏனெண்டால் இதை வாசிக்கிற எல்லாருக்கும் இதே மாதிரி ஒரு நிகழ்வு ஞாபகம் வரும். மூன்றரைக்குத் தொடக்கம். பிரதம விருந்தினர் வந்து சேர நாலரை தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு வாசலில் மாலை, மேளம். மங்கல விளக்கேற்றல், இறைவணக்கம், வரவேற்பு நடனம், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, மூன்று வாழ்த்துரை. பிறகு முதற்பிரதி, சிறப்புப் பிரதி, பொன்னாடை. ஒவ்வொரு பிரதிக்கும் ஒவ்வொரு படம். புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது எண்டு ஒருத்தர் வாய் திறக்கும்போது ஆறரை. மதிப்பீட்டுரையைக் கேட்கத்தான் வடமராட்சியில் இருந்தும் வேலணையில் இருந்தும் எங்கட சிநேகிதிகள் வந்திருந்தார்கள். அது தொடங்க முன்னமே அவர்கள் எழும்பிப் போய்விட்டார்கள். அந்தப் புத்தகம் பெண்களின் உழைப்பைப் பற்றியது. அதைப் பற்றிப் பேச்சு நடந்தபோது முன் வரிசைக் கதிரைகளில் ஆண்கள் இருந்தார்கள், பின் வரிசைகள் காலியாக இருந்தன. அடுத்த நாள் முகநூலில் ஒருத்தர் எழுதியிருந்தார்: இளம் தலைமுறைக்கு வாசிப்பில் ஆர்வம் இல்லையாம்.

இதுதான் எங்களுக்குக் கோபம் வருகிற இடம். ஏழு மணிக்கு மண்டபத்தில் யார் மிஞ்சி இருக்கிறார்களோ அவர்களை வைத்துத்தான் "ஆர்வம்" அளக்கப்படுகிறது. கலந்துரையாடல் எப்பவும் கடைசியில்தான். கேள்வி கேட்கிற நேரமும் கடைசியில்தான். குழுவுக்கு ஆள் தெரிவு செய்கிறதும் அதற்குப் பிறகுதான். சனசமூக நிலையத்திலோ விளையாட்டுக் கழகத்திலோ பொதுக்கூட்டம் இரவு எட்டு மணிக்கு நடந்தால், அங்கே தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் யாராக இருப்பார்கள் எண்டு கேட்கத் தேவையில்லை. பிறகு அடுத்த வருசத்து ஆண்டு விழாவை அந்தக் குழுதான் திட்டமிடும். அதே நேரத்துக்கு, அதே மாதிரி. கோலம் போடுகிறது, வரவேற்பு நடனம் ஆடுகிறது, தட்டில் பொன்னாடை ஏந்தி நிற்கிறது பெண்பிள்ளைகள். நிகழ்வு எப்படி நடக்க வேணும் எண்டு முடிவெடுக்கிற கூட்டத்தில் அவர்கள் இல்லை.

"எங்கட சனம் அப்படித்தான், ஆறுதலாத்தான் வரும், நேரம் பார்க்கிறது வெள்ளைக்காரன்ர பழக்கம்" எண்டு சிலர் சொல்லுவார்கள். அவர்கள் நல்லூருக்குப் போனதில்லையா? நல்லூரில் பூசை எவருக்காகவும் காத்திருக்கிறதில்லை. எந்தப் பெரியவர் வந்தாலும் வராவிட்டாலும் குறித்த நேரத்துக்கு மணி அடிக்கும், சுவாமி வெளிக்கிடும். இந்த நேர ஒழுங்கை மாவட்டம் முழுக்கப் பெருமையாகச் சொல்லுவோம். 24ஆம் நாள் தேருக்கு விடியப்புறம் எழும்பிக் குளித்து, வீதித்தடைக்கு இங்கால வாகனத்தை விட்டுவிட்டு, நேரத்துக்கு நடந்து போய் நிற்கிறதும் இதே சனம்தான். ஆகவே எங்கட ஆட்களுக்கு நேரம் தெரியாது எண்டது பொய். காத்திருக்க வைக்க மாட்டார்கள் எண்டு தெரிந்தால் எல்லாரும் வேளைக்கு வருவார்கள். மூன்றரை எண்டு போட்டால் நாலரை எண்டு தெரிந்துபோனதால்தான் பிந்தி வருகிறார்கள்.

"அந்தக் காலத்தில் விடிய விடியக் கூத்துப் பார்த்தோமே" எண்டும் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் விடிய விடிய எண்டதும் ஒரு முடியும் நேரம்தான். பாயோடும் பிள்ளைகளோடும் போய், ஊர் கூடி இருந்து, வெளிச்சம் வந்த பிறகு ஊரோடு சேர்ந்து வீட்டுக்கு நடந்தார்கள். கூத்து நடந்தது அநேகமாகச் சொந்த ஊரில், நடந்து போகிற தூரத்தில். இரவு எட்டரைக்கு நகரத்து மண்டப வாசலில் ஒரு பெட்டையைத் தனிய விட்டுவிட்டுப் போகிற நிகழ்வோடு அதை ஒப்பிட முடியாது.

போர்க்காலத்தைக் கண்டவர்கள் சிலருக்கு முடியும் நேரம் எண்டவுடன் ஊரடங்கு ஞாபகம் வருகிறது. அதையும் விளங்கிக்கொள்கிறோம். எத்தனை மணிக்குள் வீட்டுக்குள் போக வேணும் எண்டு துப்பாக்கி வைத்திருந்தவர்கள் தீர்மானித்த காலம் அது. இனியாவது இரவில் ஆறுதலாக வெளியில் இருக்கலாமே எண்ட ஆசை நியாயமானது. எங்களுக்கும் அந்த ஆசை இருக்கிறது. அதனால்தான் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேணும்: எல்லா நிகழ்வையும் ஆறு மணிக்குள் முடியுங்கள் எண்டு நாங்கள் கேட்கவில்லை. "பெண்பிள்ளைகள் நேரத்தோட வீட்டுக்குப் போகட்டும்" எண்டு எங்களுக்காக ஒரு புது ஊரடங்கு போடவும் கேட்கவில்லை. பத்து மணி வரைக்கும் நாடகம் போடுங்கள், படம் காட்டுங்கள், பாட்டுக் கச்சேரி வையுங்கள். ஆனால் பத்து மணி எண்டு முதலே சொல்லுங்கள். சொன்னால் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஓட்டோ பேசுவோம். ஒரு சிநேகிதி வீட்டில் தங்குவோம். அண்ணாவை வரச் சொல்லுவோம். அல்லது இந்த முறை ஏலாது எண்டு நாங்களே முடிவெடுப்போம். முடிவு எங்கட கையில் இருக்க வேணும், அவ்வளவுதான்.

அப்ப என்ன செய்யலாம்? பெரிய காசு முடிகிற ஒன்றும் இல்லை.

முதலாவது, அழைப்பிதழில் தொடங்கும் நேரத்துக்குப் பக்கத்திலேயே முடியும் நேரத்தையும் போடுவது. "பி.ப 3.30 – 6.00". இதைப் போட்டவுடன் இன்னொரு நல்லதும் நடக்கும். இரண்டரை மணித்தியாலத்துக்குள் பதினெட்டு உரை அடங்காது எண்டு ஏற்பாட்டாளர்களுக்கே தெரியவரும். யாரை வெட்டுவது எண்டு யோசிக்க வேண்டி வரும். யோசிக்கட்டும்.

இரண்டாவது, முக்கியமானதை முதலில் வைப்பது. புத்தக வெளியீடு எண்டால் முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் புத்தகத்தைப் பற்றிக் கதைத்துவிட வேணும். பொன்னாடை, சிறப்புப் பிரதி எல்லாம் கடைசிக்குப் போகட்டும். படம் எடுக்க விரும்புகிறவர்கள் கட்டாயம் நிற்பார்கள், பயப்படத் தேவையில்லை.

மூன்றாவது, விருந்தினருக்காகக் காத்திருக்காமல் தொடங்குவது. வந்தவர்களுக்கு மரியாதை கொடுக்காமல் வராதவருக்கு மரியாதை கொடுக்கிற பழக்கம் இது. ஒரு தடவை விருந்தினர் இல்லாமல் தொடங்கிப் பாருங்கள், அடுத்த தடவை அவரே நேரத்துக்கு வருவார்.

நான்காவது, இது உள்ளூராட்சி மன்றங்களுக்கு. எங்கட மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, 3 நகர சபைகள், 13 பிரதேச சபைகள் எண்டு 17 மன்றங்கள் இருக்கின்றன. 2023 மார்ச்சோடு காலம் முடிந்து, இரண்டு வருசத்துக்கு மேலே உறுப்பினர்களே இல்லாமல் இருந்த சபைகள் 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகுதான் திரும்ப இயங்கத் தொடங்கின. சபையின் மண்டபத்தையோ மைதானத்தையோ வாடகைக்குக் கொடுக்கிற படிவத்தில் முடியும் நேரத்தைக் கேட்டு, அதை வாசலில் ஒட்டலாம். அந்தந்த மாதம் சபை எல்லைக்குள் நடக்கப் போகிற நிகழ்வுகளை ஒரு தாளில் போட்டு சனசமூக நிலையங்களுக்கும் பஸ் தரிப்பிடங்களுக்கும் அனுப்பலாம். முகநூல் இல்லாத ஆச்சிக்கும் அது போய்ச் சேரும். அந்தத் தாளின் அடியில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு எண்டும் போட்டால் இன்னும் நல்லது. 2018 தேர்தலில் இருந்து உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு இருக்கிறது. அப்படி வந்த பெண் உறுப்பினர்களும் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போக வேண்டியவர்கள்தான். இதை முதலில் கேட்க அவர்களுக்குத்தான் காரணம் கூட.

ஒன்று உண்மை. அழைப்பிதழில் நேரம் போட்டதால் பஸ் கூடாது, ஒழுங்கையில் விளக்கு எரியாது. அவை வேற சண்டைகள், அவற்றையும் பிடிக்கத்தான் வேணும். ஆனால் அதற்குக் கூட ஆட்கள் கூட்டங்களுக்கு வர வேணும், கடைசி வரைக்கும் இருந்து கதைக்க வேணும். கடைசி பஸ்ஸைப் பார்த்து எழும்பி ஓடுகிற ஆட்களால் கடைசி பஸ்ஸைப் பற்றிக் கேள்வி கேட்க முடியாமல் இருக்கிறது.

எங்கட பக்கத்தில் இருந்தும் ஒரு சொல். இனி எங்கட குழு நடத்துகிற வாசிப்பு வட்டம், படக்காட்சி, கலந்துரையாடல் எதுவாக இருந்தாலும் அறிவித்தலில் முடியும் நேரம் இருக்கும். அந்த நேரத்துக்கு முடிப்போம். கதை முடியவில்லை எண்டால் நிற்கக்கூடியவர்கள் நிண்டு கதைக்கலாம், ஆனால் முடிவெடுக்கிற விசயம் ஒன்றும் அந்த நேரத்துக்குப் பிறகு எடுக்க மாட்டோம்.

வாசிக்கிற உங்களிடம் கேட்கிறது இவ்வளவுதான். இந்த ஆடி ஆவணியில் உங்களுக்கு எத்தனையோ அழைப்பிதழ் வரும். "கட்டாயம் வாங்கோ" எண்டு கையில் தருகிற மாமாவிடமோ, வாட்ஸ்அப்பில் அனுப்புகிற அண்ணாவிடமோ, "சரி" எண்டு சொல்ல முதல் ஒரு கேள்வி கேளுங்கள்: "எத்தின மணிக்கு முடியும்?" முதல் நாலு பேர் கேட்டால் சிரிப்பார்கள். நாற்பது பேர் கேட்டால் அடுத்த முறை அச்சடித்தே தருவார்கள்.