மூச்சுக்கும் நிறம் உண்டோ?

பிள்ளைகளின் நெஞ்சு நோயை அறிவதற்கு வைத்தியர்கள் கையாளும் சுவாசமானி எளிய கருவி. ஐந்தாறு வயதைக் கடந்த பிள்ளை நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, குழாயில் வாய் பொருத்தி, ஒரே மூச்சில் ஊதித் தீர்க்க வேண்டும். வெளிவந்த மொத்தக் காற்றையும் முதற் செக்கனில் வந்த காற்றையும் இயல்பான அளவோடு ஒப்பிட்டால் தொய்வு முதலிய நோய்கள் துலங்கும். கருவியோடு நமக்குப் பிணக்கில்லை. அந்த 'இயல்பான அளவு' யாருடையது என்பதே நமது வழக்கு.

1846இல் இலண்டன் வைத்தியர் ஹட்சின்சன், பொலிஸ்காரர், மல்லர், வறியோர் என ஈராயிரத்துக்கு மேற்பட்டோரை ஊதச் செய்து, உயரத்தோடு மூச்சின் அளவும் கூடுவதைக் காட்டினார். அது விஞ்ஞானம். 1851இல் அமெரிக்கத் தென்மாநிலங்களின் அடிமை முறைக்கு வக்காலத்து வாங்கிய கார்ட்ரைட் என்னும் வைத்தியர், கறுப்பரின் மூச்சு 20 வீதம் குறைவென்று எழுதினார். உழைப்பே அவர்தம் இரத்தத்துக்கு மருந்தென்றும் உபதேசித்தார். சாட்டையைப் பிடித்தவனுக்கு இதைவிட உவப்பான வைத்தியம் ஏது?

அடிமை முறை 1865இல் ஒழிந்தது. கழித்தற் கணக்கு ஒழியவில்லை. நமது காலத்து இயந்திரங்களிலும் கறுப்பருக்கு 10 முதல் 15 வீதமும், ஆசியருக்கு 4 முதல் 6 வீதமும் கழிக்கப்பட்டு வந்தன. விளைவைப் பாருங்கள். வெள்ளைப் பிள்ளைக்கு 2 லீற்றர் இயல்பு என்றால், அதே வயதும் உயரமுமுள்ள கறுப்புப் பிள்ளைக்கு 1.7 லீற்றர் போதுமாம். இருவரும் ஒன்றரை லீற்றர் ஊதினால், முன்னவன் 75 வீதம், நோயாளி. பின்னவன் 88 வீதம், சுகதேகி! அவன் இருமிக்கொண்டே வீட்டுக்குப் போகலாம்.

உடலமைப்பில் வேறுபாடு இல்லையோ என்பர் சிலர். கால் நீண்டு மேலுடல் குறுகியவரின் மூச்சு சற்றுக் குறையும்; மறுக்கவில்லை. அதற்குப் பிள்ளையை இருத்தி வைத்து உயரத்தை அளந்தாற் போதுமே! குலங்கோத்திரம் விசாரிப்பானேன்?

கலிபோர்னியாவில் 10 வயதுப் பிள்ளைகளை எட்டாண்டு தொடர்ந்து அளந்து 2004இல் வெளியிட்ட ஆய்வு, மாசு மிகுந்த ஊரில் 7.9 வீதத்தினரின் மூச்சு இயல்பின் ஐந்தில் நான்கு பங்குக்கும் கீழே இருக்கக் கண்டது. மாசு குறைந்த ஊரில் 1.6 வீதமே. பின்னர் காற்றுத் தூய்மையடைந்த காலத்தில் வளர்ந்த பிள்ளைகளின் சுவாசப்பை நன்கு வளர்ந்ததென 2015இல் அறிந்தனர். காரணம் தோலிலன்று, காற்றில்.

இனம் பாராத அளவுகோலையே கொள்ளுமாறு அமெரிக்க நெஞ்சுநோயியற் சங்கம் 2023இல் பரிந்துரைத்தது. காலம் கடந்தாயினும் நன்று. ஆனால் பழைய அளவுகோல் எத்தனை இயந்திரங்களுள் இன்னும் குடியிருக்கிறதோ! லயக் காம்பராவின் விறகுப் புகையில் வளர்ந்து, நமது வகுப்பின் கடைசி வாங்கில் இளைத்தபடி இருக்கும் மாணவனை அதன் முன் நிறுத்தி, "ஆசியப் பிள்ளைக்கு இது போதும்" என்று எழுதிக் கொடுத்தால், புகையும் அரைவயிறும் அந்தச் சீட்டில் எங்கே இருக்கும்?