ஏழாவது தாள்

மேனிலைப் பள்ளியின் இறுதியாண்டில் ஒரு மாணவர் எழுதும் தாள்கள் ஆறு. மொழிப்பாடம், ஆங்கிலம், பிரிவுப் பாடங்கள் நான்கு. 1978இல் இம்முறை தமிழகத்திற்கு வந்த நாள்தொட்டு எத்தனையோ மாறியிருக்கின்றன. 1200 என்றிருந்த மொத்த மதிப்பெண் 600 ஆயிற்று. 2017-18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அது விலக்கப்பட்டும் விட்டது. 2019இல் ஆறு தாள்களை ஐந்தாகக் குறைத்துக்கொள்ள இடமளிக்கும் ஓர் ஏற்பாடு அறிவிக்கப்பட்டு, நிலைபெறாமலே கைவிடப்பட்டது. குறைப்பதைப் பற்றி இத்துணை சிந்தித்தவர்கள், விரும்புகிறவர் ஒரு தாளைக் கூடுதலாக எழுதிக்கொள்ளட்டும் என்று ஒருமுறையேனும் சிந்தித்ததாக நமக்கு நினைவில்லை.

நாம் சொல்ல வருவது சிறப்புத் தமிழைப் பற்றி. மொழிப்பாடமாகிய பொதுத்தமிழ் வேறு, இது வேறு. வரலாறு, பொருளியல் போன்றவற்றோடு கலைப்பிரிவில் நான்கிலொன்றாக வைக்கப்பட்டிருக்கும் பாடம் இது. ஆசிரியர் இருக்கும் பள்ளியில், அப்பிரிவு நடக்கும் பள்ளியில், அப்பிரிவை எடுத்தவர் மட்டுமே படிக்கலாம். அறிவியல் பிரிவு மாணவருக்கு அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கத் தடையில்லை, தேர்வெழுதத்தான் வழியில்லை.

இன்னொரு வகையாரும் உண்டு. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதற்குமேல் மொழிப்பாடத்தில் பிரெஞ்சோ சமஸ்கிருதமோ எடுத்துக்கொண்டால் மதிப்பெண் எளிதில் வரும் என்னும் கணக்கு நகரத்துத் தனியார் பள்ளிகளில் எல்லோரும் அறிந்தது. பதினைந்து வயதில், பெரும்பாலும் பெற்றோர் போட்ட கணக்கின்படி, தமிழைவிட்டு நீங்குகிறார்கள். அவர்களுள் ஒருவர் பதினேழு வயதில் மனம் மாறினால் திரும்பிவர ஒரு சந்துகூட இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் கிள்ளைப் பக்கத்திலிருந்து சிதம்பரத்திற்குப் பேருந்தில் வந்து உயிரியல் பிரிவில் படித்துக்கொண்டிருந்த மாணவி ஒருவர், உறவினர் ஒருவரோடு நம்மைப் பார்க்க வந்தார். தாவரவியல் குறிப்பேட்டின் பின்பக்கங்களில் வெண்பாக்கள் எழுதி வைத்திருந்தார். இலக்கணப் பகுதியைத் தாமே படித்துப் பழகியதாகச் சொன்னார். ஈற்றுச்சீர் காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளில் பிழையின்றி முடிந்திருந்தது; ஓரிடத்தில் தளை தட்டியது, அதைச் சுட்டிக்காட்டியதும் அங்கேயே அமர்ந்து திருத்தினார். அந்த வயதில் அப்படித் திருத்துகிறவர்களை நாம் வகுப்பில் அதிகம் கண்டதில்லை. பிறகு அவர் கேட்டது ஒன்றுதான்: "ஐயா, சிறப்புத் தமிழை நானாகவே படித்துத் தேர்வு எழுத முடியுமா? மருத்துவம் கிடைக்கவில்லையென்றால் தமிழ் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்ல எனக்கு ஒரு சான்று வேண்டும்." உரிய இடத்தில் விசாரித்தோம். உங்கள் பிரிவில் அந்தப் பாடம் இல்லை என்று அரை நிமிடத்தில் விடை கிடைத்தது. அதற்குமேல் அங்கே ஒரு சொல்லும் இல்லை.

அந்தச் 'சான்று' என்னும் சொல்தான் நம்மை விடாமல் அரித்தது. விருப்பம் இருக்கிறது, திறமும் இருக்கிறது. வீட்டில் எடுத்துக்காட்ட ஒரு தாள் இல்லை. நம் ஊர்களில் ஒரு பெண் தமிழ் படிக்கப் போகிறேன் என்றால் 'வேறெதுவும் கிடைக்கவில்லையா' என்பதே முதற்கேள்வி. சிறப்புத் தமிழில் தொண்ணூற்றைந்து என்று அச்சிட்ட ஒரு வரி அந்தக் கேள்வியின் வாயை அடைக்கும்.

தானாகப் படித்துத் தேர்வெழுதுவது தமிழுக்குப் புதிதா? உண்மையில் தமிழ்க்கல்வியின் ஒரு பெரும்பகுதி அந்த வழியாகத்தான் நடந்தது. 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என மூன்று படிகளாகத் தேர்வு நடத்தியது. பள்ளி ஆசிரியர்களும் பிற வேலையில் இருந்தவர்களும் இரவு விளக்கில் படித்து எழுதினார்கள். தேவநேயப் பாவாணர் 1924இல் அந்தச் சங்கத்தின் பண்டிதத் தேர்விலும், 1926இல் திருநெல்வேலித் தென்னிந்தியத் தமிழ்ச் சங்கத்தின் புலவர் தேர்விலும் தேறியது ஆசிரியப் பணியில் இருந்துகொண்டே. அவரே 1956இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற்குப் பணியேற்க வந்தார்.

மு. வரதராசன் வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, உடல்நலம் குன்றி வேலையை விட்டவர். ஊரில் ஓய்வில் இருந்தபோது தமிழைத் தாமே முறையாகப் படித்து, 1935இல் வித்துவான் தேர்வெழுதி மாநிலத்தில் முதல்வராகத் தேறினார். திருப்பனந்தாள் மடம் அதற்கு ஆயிரம் ரூபாய் பரிசளித்தது. அன்று அவரிடம், நீர் எந்தப் பள்ளியில் எந்தப் பிரிவு என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தால், பின்னர் மதுரைப் பல்கலைக்கழகத்துக்கு அந்தத் துணைவேந்தர் கிடைத்திருப்பாரா?

(தேர்வே வேண்டாத மேதைகளும் நம் மாவட்டத்துக்காரர்களே. மருதூரில் பிறந்த வள்ளலாரும், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட மஞ்சக்குப்பத்து ஜெயகாந்தனும் எந்தத் தாளும் எழுதாமல் நின்றவர்கள். அவர்களை எடுத்துக்காட்டித் தேர்வு எதற்கு என்பவர்களுக்கு நம் விடை: மேதைக்குத் தேவையில்லாத படிக்கட்டு மற்றவர்க்குத் தேவை.)

கடலுக்கு அப்பால் நிலைமை விந்தையானது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா மாநிலங்களில் பள்ளி இறுதித் தேர்வுப் பாடங்களின் வரிசையில் தமிழ் இருக்கிறது. தாம் படிக்கும் பள்ளியில் தமிழ் கற்பிக்கப்படாவிட்டால் என்ன, சனிக்கிழமை வகுப்புக்கு வேறிடம் சென்று படித்து, அரசு நடத்தும் தேர்வை எழுதலாம். அந்த மதிப்பெண்ணும் பள்ளி இறுதிச் சான்றிதழில் ஏறும். சிட்னியில் கணிதமும் வேதியியலும் படிக்கும் பிள்ளை தமிழையும் தேர்வுப் பாடமாக்கிக்கொள்ள முடிகிறது. தில்லைக்கு ஒரு கல் தொலைவில் இருக்கும் பிள்ளைக்கு முடியவில்லை.

விதி இடம் தராது என்பார்கள். விதிகள் இடம் தந்த கதை அண்மையிலேயே நடந்தது. மருத்துவப் படிப்புக்கு உயிரியலைப் பதினொன்று, பன்னிரண்டு ஆகிய ஈராண்டும் முறையாகப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்று 1997ஆம் ஆண்டின் நெறிமுறைகளை வைத்துக் கட்டாயப்படுத்திவந்தனர். 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தளர்த்தி, பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய பின்னர் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவரும் நீட் எழுதலாம் என அறிவித்தது. உயிர்காக்கும் தொழிலுக்கு ஒரு பாடத்தைத் தனியே எழுதிச் சேர்த்துக்கொள்வது தகுமானால், யாப்பும் அணியும் இலக்கிய வரலாறும் படிக்க அது தகாதா? ஆய்வகமோ செய்முறைத் தேர்வோ தேவைப்படாத பாடம் இது. பாடநூலும் அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

எதிர்வாதங்களில் ஒன்றை நாம் மதிக்கிறோம். தனிப்படிப்பு என்பது இந்நாட்டில் குறுக்குவழி என்று பெயரெடுத்துவிட்டது. இளநிலைப் பட்டமே இல்லாமல் திறந்தநிலையில் பெற்ற முதுநிலைப் பட்டம் பணிக்குச் செல்லாது என 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்த வழக்கு நம் சிதம்பரத்துப் பல்கலைக்கழகத்தையே தொட்டது. ஆனால் அது படியைத் தாவிச் செல்வது பற்றியது. ஆறு தாளையும் ஒழுங்காக எழுதிவிட்டு ஏழாவதைச் சுமக்க வருகிறவர் எந்தப் படியையும் தாவவில்லை.

பிள்ளைகளுக்கு ஏற்கெனவே சுமை அதிகம் என்பது மற்றொரு வாதம். விரும்பாதவர் எழுத வேண்டியதில்லை. இது யாருக்கும் கட்டாயமன்று. உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. இந்தத் தாளின் மதிப்பெண்ணுக்கு எங்கேனும் ஒரு சலுகையை ஒட்டிவிட்டால், மறுவாரமே கடலூர்ப் பேருந்து நிலையத்தில் 'சிறப்புத் தமிழ் சிறப்புப் பயிற்சி' என்று விளம்பரத் தட்டி தொங்கும், கையேடு வரும், வெண்பாவை மனப்பாடம் செய்து எழுதும் கலையும் வரும். ஆகவே இம்மதிப்பெண் மொத்தத்தில் சேரக்கூடாது, தரவரிசைக்கும் பயன்படக்கூடாது, தவறினால் சான்றிதழில் பதிவாகவும் கூடாது. தேறினால் மட்டும் ஒரு வரி அச்சாகட்டும். ஆதாயமில்லாத இடத்திற்குக் கூட்டம் வராது. வருகிற சிலரே நமக்கு வேண்டியவர்கள்.

சொல்லிக்கொடுப்பது யார் என்று கேட்கலாம். கடலூரிலும் சிதம்பரத்திலும் கல்லூரித் தமிழ்த்துறைகள் இருக்கின்றன. சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம், இரு ஊரிலும் ஒவ்வோர் அறை. தொல்காப்பியத்தை முதுகலை வகுப்பில் நடத்துகிறவர் பதினாறு வயதுக்காரருக்கு நேரசை, நிரையசை சொல்லிக்கொடுப்பதில் தாழ்வொன்றும் இல்லை. உண்மையில் அதுவே கடினமான வேலை. இந்தச் சனிக்கிழமை வகுப்புக்கு எந்த ஆணையும் தேவையில்லை. தேர்வுக்கு மட்டுமே தேவை. ஆறு தாள்களும் முடிந்த மறுவாரம் ஒரு நாள், மாவட்டத்துக்கு ஒரு மையம், ஒரு வினாத்தாள். கலைப்பிரிவு மாணவருக்குத் தயாரிக்கும் அதே வினாத்தாள் வகையில் இன்னொன்று. பத்துப்பேர் வந்தாலும் நடத்தலாம். முதலாண்டு இரண்டே பேர் வந்தாலும் நடத்தத்தான் வேண்டும்.