புகையில் வாடும் தோல்

அரசு ஊழியர்களின் பழைய வீடுகளை இடித்துவிட்டு நியூ மோதி பாக் எழுந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தில்லி பழையதை அதிக நாள் பொறுத்துக்கொள்ளும் ஊர் அல்ல. இப்போது உடம்புக்கும் அந்தக் கதிதான். முன்பெல்லாம் சினிமாக்காரர்களின் சமாச்சாரமாக இருந்த அழகு அறுவை சிகிச்சை இன்று செக்‌ஷன் ஆபீசர் வீட்டுக் கல்யாணச் செலவில் ஒரு வரியாக நுழைந்துவிட்டது. தலைக்கு முடி நடவு, மூக்குக்குச் சீரமைப்பு, தொப்பைக்கு வெட்டும் தையலும். எல்லாம் முகூர்த்தத்துக்கு முன்பே முடிந்தாக வேண்டும்.

மோதி பாக்கில் எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் உடற்பயிற்சியும் பட்டினியுமாக ஏகப்பட்ட எடை குறைத்தார். எடை போய்விட்டது, வயிற்றுத் தோல் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அகற்றிக்கொள்ள அப்பாவுடன் டாக்டரிடம் போனார். “சிகரெட் உண்டா?” என்றார் டாக்டர். மகன் வாய் திறக்கும் முன் அப்பா பதில் சொல்லிவிட்டார்: “டீ கூடக் குடிக்க மாட்டான், டாக்டர்.” மகன் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாளுக்கு அரை பாக்கெட் ஊதுகிறவர்.

பொது இடத்தில் புகைக்கக் கூடாது என்று தில்லி 1996-லேயே சட்டம் போட்டது. நாடு முழுவதற்குமான கடுமையான தடை 2008 அக்டோபர் 2-ல் அமலுக்கு வந்தது. ஆனாலும் நம் பிள்ளைகள் சட்டத்துக்குப் பயந்து மறைப்பதைவிட அப்பாவுக்குப் பயந்து மறைப்பதுதான் அதிகம். பெண்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எந்த மருமகள் ‘ஆம்’ என்பாள்? இந்தக் கேள்வியைத் தனியாக அழைத்துக் கேட்க வேண்டும் என்பது நம் ஊர் டாக்டர்களுக்குத் தெரியாததல்ல. வெளியே காத்திருக்கும் கூட்டம் அதற்கு விடுவதில்லை.

இதில் மறைத்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். முழுகுவது தோல். அறுவையின்போது சர்ஜன் தோலை அடியிலிருந்து பிரித்து, இழுத்து, வேறு இடத்தில் தைக்கிறார். இப்படிப் பிரித்தெடுத்த தோலைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று ஒருமுறை யோசித்தபோது ‘மடல்’ என்ற சொல்தான் கைக்கு வந்தது. தாழை மடல், காது மடல் போல ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு மறுபக்கம் விரிந்திருப்பது. (தமிழ் எம்.ஏ.யில் மடலேறுதலைப் படித்தவனுக்கு இது கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது.) மடல் பிழைப்பது அந்த ஒட்டிய பக்கத்திலிருந்து வரும் நுண்ணிய ரத்தக் குழாய்களால். நிகோட்டின் அந்தக் குழாய்களைச் சுருக்குகிறது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடோ, ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய நாற்காலியில் தான் உட்கார்ந்துகொள்கிறது. குழாயும் ஒடுங்கி, வருகிற ரத்தத்தில் சத்தும் குறைந்தால் மடலின் ஓரம் முதலில் நீலம் பாயும், பிறகு கறுக்கும், கடைசியில் உதிரும். அழகுக்காகப் போனவர் மாதக்கணக்கில் கட்டுப் போட்டுக்கொண்டு அலைவார்.

நியூயார்க் சர்ஜன் தாமஸ் ரீஸும் அவரது சகாக்களும் 1984-ல் வெளியிட்ட ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. முகச் சுருக்கம் நீக்கும் அறுவை செய்துகொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்ததில், தோல் கறுத்து உதிரும் ஆபத்து புகைப்பவர்களுக்குச் சுமார் 12 மடங்கு அதிகமாக இருந்தது.

தோல் மடலின் கதை நம் நாட்டில் மிகப் பழையது. அறுந்த மூக்கைச் சரிசெய்ய ஓர் இலையை அளவாக வைத்து, கன்னத்துத் தோலை ஒரு பக்கம் ஒட்டியிருக்குமாறு எடுக்கச் சொன்னவர் சுசுருதர். புனே பக்கத்தில் நெற்றித் தோலிலிருந்து மூக்கு செய்த செய்தியை 1794-ல் லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ அச்சிட்டது. அதைப் பின்பற்றித்தான் ஜோசப் கார்ப்யூ 1814-ல் அங்கே கத்தி எடுத்தார். சுசுருதருக்கு ஒரு சௌகரியம் இருந்தது. அவருடைய நோயாளி யாருக்கும் புகையிலை தெரியாது. அது போர்த்துகீசியர்களோடு வந்து சேர்ந்த சரக்கு. வந்த பிறகு நாம் அதை விடவில்லை. சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் புகையிலையையே தூது அனுப்பிவிட்டார்! மோதி பாக் குருத்வாராவுக்குப் போகும் சீக்கியர்களிடம் இந்தக் கவிதை எடுபடாது. கால்ஸாவுக்குப் புகையிலை விலக்கு.

மேற்கத்தியப் படிவத்தைப் பார்த்து நம் கிளினிக்குகள் அச்சிடும் தாளில் ‘புகைப்பவரா?’ என்றுதான் கேட்கிறார்கள். மொழிபெயர்ப்பு சரி, கேள்விதான் தப்பு. உள்ளங்கையில் சுண்ணாம்போடு கசக்கிய கைனியை உதட்டுக்குள் ஒதுக்கியிருக்கும் மனிதர் ‘இல்லை’ என்று டிக் செய்தால் அவர் பொய் சொல்லவில்லை. வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டியும் அப்படித்தான். 2016-17-ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெரியவர்களில் 10.7 சதவீதம் பேர் புகைக்கிறார்கள், 21.4 சதவீதம் பேர் புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள். அதாவது, பெரிய கூட்டத்தைக் கேள்வியே விட்டுவிடுகிறது. கைனியில் கார்பன் மோனாக்சைடு கிடையாது, நிகோட்டின் தாராளமாக உண்டு. ‘எந்த வடிவிலாவது புகையிலை உண்டா?’ என்று கேட்க ஒரு வரிகூட அதிகம் தேவையில்லை.

எத்தனை நாள் முன்பு விட வேண்டும்? பெரும்பாலான சர்ஜன்கள் அறுவைக்கு முன் நான்கு வாரம், பின் நான்கு வாரம் என்கிறார்கள். கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாளில் ரத்தத்தை விட்டுப் போய்விடும். புண் ஆறும் சக்தி திரும்பத்தான் வாரங்கள் ஆகும். உலக சுகாதார நிறுவனமும் 2020-ல் இதே நான்கு வாரக் கணக்கைச் சொன்னது. கடைசி நேரத்தில் விட்டால் சளி கூடும், அதற்கு விடாமலே இருக்கலாம் என்றொரு பழைய பேச்சு உண்டு. பிந்தைய ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை.

குடல்வால் வெடித்தவரிடம் நான்கு வாரம் கழித்து வா என்று சொல்ல முடியாது. தொப்பைக்குச் சொல்லலாம். அழகு அறுவையின் பெரிய வசதியே அதுதான். ஆனால் தள்ளிப்போட்டால் ஆள் அடுத்த கிளினிக்குக்குப் போய்விடுவார் என்ற கவலை டாக்டருக்கு. முகூர்த்தம் தவறும் என்ற கவலை வீட்டுக்கு. நம் இளைஞர் அன்று மாலையே டாக்டருக்கு போன் செய்து உண்மையைச் சொன்னார். தேதி தள்ளிப்போனது. ரேட்டைக் கூட்டத்தான் இழுத்தடிக்கிறார்கள் என்று அப்பா இன்னும் நம்புகிறார்.

சிகரெட்டை விட்டுவிட்டு மருந்துக் கடையில் நிகோட்டின் சூயிங்கம் வாங்கி மெல்பவர்கள் அதையும் சர்ஜனிடம் சொல்லிவிடுவது நல்லது. புகைப்பதைவிட அது எவ்வளவோ மேல், ஆனாலும் மடல் எடுக்கும் அறுவைக்கு முன் பல சர்ஜன்கள் அதையும் நிறுத்தச் சொல்கிறார்கள். சிறுநீரில் கோட்டினைன் பார்க்கும் சோதனைக்கு எது சிகரெட், எது சூயிங்கம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. தனியாக விட முடியாதவர்களுக்கு, தில்லியின் வல்லபாய் படேல் மார்பு நோய் நிலையத்தில் 2016-ல் தொடங்கிய இலவசத் தொலைபேசி ஆலோசனை இருக்கிறது: 1800-11-2356. அப்பாவுக்குத் தெரியாமலும் பேசலாம்.