அந்தப் புலனச் செய்தியை நானும் பார்த்தேன்

2020 மார்ச் 18. நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நான் ஐந்தாம் படிவ மாணவன். நெகிரி செம்பிலான், ரந்தாவ் பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டம். சாமான் வாங்கக் குடும்பத்துக்கு ஒருவர்தான் போகலாம், அதுவும் 10 கிலோமீட்டருக்குள் என்று சில நாட்களில் விதி வந்தது. தோட்டமே அடங்கிவிட்டது. கோயிலைப் பூட்டினார்கள், பந்து விளையாடும் திடலில் புல் வளர்ந்தது. 1,000 ரிங்கிட் அபராதத்துக்குப் பயந்தோம், உண்மைதான். ஆனால், பக்கத்து வீட்டார் கதவைச் சாத்தியதைப் பார்த்துத்தான் நாங்களும் சாத்தினோம்.

எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை; வர முடியவில்லை. ஒருநாள் காலையில் தோட்டத்துப் புலனக் குழுவில் ஒரு செய்தி: "பாட்டி வீட்டுல அரிசி முடிஞ்சிருச்சாம். யாராவது பாருங்க."

குழுவில் ஏறக்குறைய 60 பேர். கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன. "கண்டிப்பா உதவணும்" என்றார் ஒருவர். நானும் பார்த்தேன். எங்கள் வீட்டில் அரை மூட்டை அரிசி இருந்தது. அம்மா கேட்டபோது, "வெளியே போகக்கூடாதும்மா, எஸ்.ஓ.பி." என்றேன். கடைக்குப் போகும் அப்பா வழியில் அந்த வாசற்படியில் ஒரு பையை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். எந்த விதியும் அதைத் தடுக்கவில்லை. மறுநாள் மாலைதான் மண்டோரின் மனைவி அரிசி கொடுத்தார். அதுவரை பாட்டிக்குத் தேநீரும் பிஸ்கட்டும்தான்.

கல் நெஞ்சமா எங்களுக்கு? பிறகு படித்தபோதுதான் ஓரளவு புரிந்தது. 1968-இல் டார்லி, லத்தானே என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பக்கத்து அறையில் ஒருவர் வலிப்பில் துடிப்பதுபோல் காதணி ஒலிக்கருவியில் (ஹெட்போனில்) கேட்க வைத்தார்கள். தான் மட்டுமே கேட்கிறேன் என நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர், அவர் துடித்துக்கொண்டிருக்கும்போதே உதவி கேட்டு ஓடினார்கள். இன்னும் நால்வர் கேட்கிறார்கள் என நம்பியவர்களில் 31 விழுக்காட்டினரே அப்படிச் செய்தார்கள். 'வேறு யாராவது போவார்கள்' என்ற நினைப்புதான் காரணம். எங்களுக்கோ அதற்கு மேல் 'விதி' என்ற நல்ல போர்வையும் கிடைத்தது.

2021-இல் வந்த வெள்ளைக்கொடி இயக்கத்தை அதனால்தான் நான் மதிக்கிறேன். எந்த வீட்டில் பசி என்று கொடி காட்டியது. கடந்து போகிறவரால் கண்ணை மூடிக்கொள்ள முடியவில்லை. எங்கள் தோட்டத்தில் மட்டும் ஒரு கொடிகூட ஏறவில்லை. மானம்! வெள்ளை வேட்டியைக் காயப் போடவே தயங்கினார்கள் என்றால் பாருங்களேன்.

அதனால் நாங்கள் ஐந்து இளைஞர்கள் வீடுகளைப் பிரித்துக்கொண்டோம். ஆளுக்கு எட்டு வீடு. எட்டில் ஒன்று பசித்தால் அது யார் பொறுப்பு என்று பெயரோடு தெரியும். முகக்கவரி, கூடல் இடைவெளி எதையும் மீறவில்லை; பையை வாசலில் வைத்து, தள்ளி நின்று குரல் கொடுப்போம்.

பள்ளியில் கை கழுவும் முறையைச் சுவரொட்டி ஒட்டிச் சொல்லித் தந்தார்கள். இதையும் சொல்லித் தரலாம் என்பது என் கருத்து: அடுத்த வெள்ளத்தின்போது புலனத்தில் 'யாராவது' என்று எழுதாதீர்கள், ஒருவர் பெயரை எழுதுங்கள்.

பாட்டி இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறார். அந்த இரண்டு நாட்களைப் பற்றி அவர் என்னிடம் கேட்டதில்லை. நானும் இதுவரை சொன்னதில்லை.